விலையை எழுதும் இடத்திலேயே லாஞ்சரையும் எழுதட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினி விளையாட்டு பற்றிய கடிதம் என்றதும், பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று புலம்பப் போகிறேன் என நினைத்துவிட வேண்டாம். அதை எழுத வேறு பலர் இருக்கிறார்கள். என்னுடையது காசு கொடுத்து வாங்கியவனின் புகார். அறுபது, எழுபது வெள்ளி கொடுத்து இணையக் கடை ஒன்றில் ஒரு விளையாட்டை வாங்குகிறோம். அந்தக் கடையின் செயலியைத் திறந்து விளையாட்டைச் சொடுக்கினால், விளையாட்டு வருவதில்லை. இன்னொரு நிறுவனத்தின் செயலி வந்து நிற்கிறது. இதைத்தான் லாஞ்சர் என்கிறார்கள். தனக்கென ஒரு கணக்கு, ஒரு கடவுச்சொல், மின்னஞ்சல், பிறந்த தேதி எல்லாவற்றையும் அது கேட்கும். கொடுத்தால்தான் உள்ளே விடும். பணத்தை வாங்கிய கடைக்காரர் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை. திறந்தாலும் பக்கத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் முணுமுணுக்கிறார்.

நான் பல ஆண்டுகள் சிங்கப்பூரின் ஃபுனான் கடைத்தொகுதியில் கணினி விளையாட்டு விற்கும் கடையில் வேலை பார்த்தவன். இன்றைய ஃபுனான் அல்ல. 2016ல் மூடப்படுவதற்கு முன்பு மாடிக்கு மாடி கணினிக் கடைகளாக இருந்த பழைய கட்டடம். இப்போது ஒரு பள்ளியில் கணினிக்கூடத்தைப் பார்த்துக்கொள்கிறேன். கல்லாவுக்குப் பின்னாலும் நின்றிருக்கிறேன், முன்னாலும் நின்றிருக்கிறேன்.

சென்ற தீபாவளிக்கு என் அக்கா மகனுக்கு ஒரு கார் பந்தய விளையாட்டு வாங்கிக் கொடுத்தேன். விளையாட்டின் பெயரும் கடையின் பெயரும் இங்கே வேண்டாம். எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள். பலகாரத்தட்டு ஒரு பக்கம், மடிக்கணினி ஒரு பக்கமாகப் பையன் உட்கார்ந்தான். லாஞ்சர் வந்தது. பிறந்த தேதியைக் கேட்டது. உண்மையான தேதியைப் போட்டான் (அப்படித்தான் வளர்த்திருக்கிறோம்). பதினொரு வயது என்றதும், பெற்றோருக்குத் தனியாக ஒரு கணக்கு வேண்டும் என்றது. அக்காவின் மின்னஞ்சலுக்கு ஒரு குறியீடு வந்தது. பிறகு, தாங்கள் மனிதர்தான் என்று நிரூபியுங்கள் என்று ஒரு புதிர்: கை காட்டும் திசையில் ஒரு விலங்குப் பொம்மையைத் திருப்ப வேண்டும். ஒட்டகத்தைத் திருப்பினான், முயலைத் திருப்பினான், காண்டாமிருகத்தைத் திருப்பினான். வாங்கிய விளையாட்டைவிட இதில்தான் அவன் அன்று அதிக நேரம் விளையாடினான். அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏன் தம்பி, நீ இவனுக்கு விளையாட்டு வாங்கித் தந்தாயா, இல்லை என்னை எங்காவது வேலைக்குச் சேர்த்துவிட்டாயா? இத்தனை விவரம் கேட்கிறார்களே!" என்றார்.

அதன் பிறகு லாஞ்சர் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. பிறகு சர்வரை (அந்த நிறுவனத்தின் மையக் கணினியை) எட்ட முடியவில்லை என்றது. பையன் ஒரு சுற்றுகூடக் கார் ஓட்டவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டேன். விளையாடிய நேரம் வரம்பைத் தாண்டிவிட்டது என்று பதில் வந்தது. லாஞ்சர் திறந்திருந்த நேரம் முழுவதும் அவர்கள் கணக்கில் விளையாடிய நேரமாம். ஒட்டகத்தைத் திருப்பியதும் அதில் சேர்த்தி.

இதை ஒரு பொறுமையில்லாத மாமாவின் குறையாக விட்டுவிடலாம். ஆனால் இந்தத் தொல்லை தொடங்கிய நாட்களை நான் கடையில் நின்று பார்த்திருக்கிறேன். 2003 செப்டம்பரில் வால்வ் என்ற அமெரிக்க நிறுவனம் ஸ்டீம் என்ற செயலியை வெளியிட்டது. அடுத்த ஆண்டு நவம்பரில் அதே நிறுவனத்தின் ஹாஃப்-லைஃப் 2 என்ற விளையாட்டு வந்தது. கடையில் பெட்டியாக வாங்கினாலும் ஸ்டீமை நிறுவி, கணக்குத் திறந்து, இணையம் வழியாக அனுமதி பெற்ற பிறகே விளையாட முடியும். அதுவரை நாங்கள் விற்ற பெட்டிகளில் குறுந்தட்டு இருக்கும், ஒரு குறியீடு இருக்கும். வீட்டுக்குக் கொண்டுபோனால் வேலை முடிந்தது.

தேசிய சேவையில் (கட்டாயப் படைச்சேவையில்) இருந்த ஒரு பையன் சனிக்கிழமை வந்து அந்தப் பெட்டியை வாங்கிப்போனான். வீட்டில் அகண்ட அலைவரிசை கிடையாது. தொலைபேசிக் கம்பி வழியாகத்தான் இணையம். ஞாயிற்றுக்கிழமை மாலை, முகாமுக்குத் திரும்பும் வழியில் தோளில் பையோடு கடைக்கு வந்து பெட்டியைக் கல்லாமேல் வைத்தான். வார இறுதி முழுவதும் அனுமதிக்காகக் காத்திருந்ததிலேயே போய்விட்டது என்றான். திறந்த பெட்டியைத் திரும்ப வாங்குவதில்லை என்பது முதலாளியின் சட்டம். கல்லாவுக்கு மேலேயே எழுதி ஒட்டியிருந்தது. அதைவிட, குறியீடு ஒருமுறை ஒருவர் கணக்கில் ஏறிவிட்டால் அந்தப் பெட்டி வெறும் அட்டை. அவனுக்கும் அது புரிந்துவிட்டது. சண்டை போடவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

எங்கள் கடையில் பழைய விளையாட்டுகளுக்கு ஓர் அடுக்கு இருந்தது. விளையாடி முடித்ததைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மேலே கொஞ்சம் காசு போட்டு வேறொன்றை எடுத்துப் போவார்கள். மாணவர்களில் பலர் அந்த அடுக்கை நம்பித்தான் விளையாடினார்கள். கணக்கோடு கட்டிப்போட்ட விளையாட்டுகள் வர வர அந்த அடுக்கு இளைத்துக்கொண்டே போய், கடைசியில் அதில் விசைப்பலகைகளை வைத்தோம். பிளேஸ்டேஷன், நின்டெண்டோ விளையாட்டுக் கருவிகளுக்கான வட்டுகளையும் அட்டைகளையும் இன்றைக்கும் இரண்டாங்கையாக விற்கலாம், வாங்கலாம். கணினி விளையாட்டில் அந்த வழி அடைபட்டு இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. அதற்காக யாரும் விலையைக் குறைக்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அன்று ஸ்டீமை ஏசிய தலைமுறைதான், அது பெரிய இணையக் கடையாக வளர்ந்துவிட்ட இன்று, அதற்குக் காவல் நிற்கிறது. காரணமும் இருக்கிறது. தள்ளுபடி விலை, சிங்கப்பூர் வெள்ளியில் விலைப்பட்டியல், எல்லா விளையாட்டும் ஒரே அலமாரியில். பழகிவிட்டார்கள். 2018 டிசம்பரில் எபிக் என்ற இன்னொரு விளையாட்டு நிறுவனம் தன் இணையக் கடையைத் திறந்தபோது பலருக்குக் கோபம் வந்தது இதனால்தான் என்று சிலர் சொல்வதுண்டு: பழக்கதோஷம், சோம்பேறித்தனம். நான் அப்படி நினைக்கவில்லை. ஸ்டீம் விற்பனையில் வழக்கமாக எடுத்துக்கொள்வது 30 விழுக்காடு. எபிக் கேட்டது 12 விழுக்காடு மட்டுமே. விளையாட்டை உருவாக்குபவர்களுக்கு இது நல்ல செய்தி, மறுக்கவில்லை. வாரந்தோறும் இலவசமாக விளையாட்டுகளையும் கொடுத்தார்கள். அதோடு நின்றிருந்தால் அதற்குப் பெயர் போட்டி. ஆனால் பணம் கொடுத்து, இந்த விளையாட்டு ஓராண்டுக்கு எங்களிடம் மட்டும்தான் கிடைக்கும் என்று ஒப்பந்தம் போட்டார்கள்.

2019 ஜனவரியில் மெட்ரோ எக்ஸோடஸ் விளையாட்டைப் பலர் ஸ்டீமில் முன்பதிவு செய்துகொண்டிருந்தபோதே, வெளியீட்டுக்குச் சில வாரங்கள் இருக்கையில், அதன் விற்பனை எபிக்குக்கு மாறியது. ஷென்மூ 3 அதைவிட மோசம். அது ரசிகர்கள் முன்கூட்டிக் கொடுத்த நன்கொடையில் உருவான விளையாட்டு. கணினிப் பதிப்புக்கு ஸ்டீம் குறியீடு தருவதாகச் சொல்லியிருந்தார்கள். 2019 ஜூனில் எபிக்கில் மட்டும்தான் என்று அறிவித்தார்கள். கூச்சல் கிளம்பிய பிறகுதான் பணத்தைத் திருப்பித் தர ஏற்பாடு செய்தார்கள். இத்தனைக்கும் அந்தப் புதுக் கடையில் பொருள்களைச் சேர்த்துப்போட ஒரு கூடைகூட இல்லை. அது வந்தது 2021 இறுதியில். கூடை வைக்காமல் மூன்று ஆண்டுகள் கடை நடத்தலாம் என்று எங்கள் முதலாளிக்குத் தெரிந்திருந்தால் எவ்வளவு மகிழ்ந்திருப்பார்!

எதிர்ப்பு எல்லாமே நேர்மையாக நடந்தது என்றும் சொல்ல மாட்டேன். ஊப்லெட்ஸ் என்ற சிறிய விளையாட்டைக் கணவன் மனைவி இருவர் சேர்ந்து உருவாக்கினார்கள். அவர்கள் எபிக்கோடு ஒப்பந்தம் போட்டதற்காக 2019 ஆகஸ்ட்டில் அவர்களுக்குக் கொலை மிரட்டல்கூட வந்தது. அது பயனீட்டாளர் எதிர்ப்பு அல்ல, பொறுக்கித்தனம்.

பொறுமையாக வாங்காமல் இருந்தவர்கள்தாம் உண்மையில் சாதித்தார்கள். இஏ என்ற விளையாட்டு நிறுவனம் 2011ல் ஆரிஜின் என்று சொந்தக் கடை வைத்துத் தன் விளையாட்டுகளை அங்கே கொண்டுபோனது. 2019ல் ஸ்டீமுக்குத் திரும்பியது. யூபிசாஃப்ட் 2019ல் புது விளையாட்டுகளை ஸ்டீமுக்குத் தருவதை நிறுத்தியது; 2022 இறுதியில் திரும்பியது. பெத்தெஸ்டா தன் லாஞ்சரை 2022ல் மூடியேவிட்டது. ஆனால் இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. திரும்பி வந்தவர்களில் சிலர் தனியாக வரவில்லை. தங்கள் லாஞ்சரையும் கையோடு கூட்டி வந்தார்கள். ஆகவே ஒரே விளையாட்டுக்கு இப்போது ஸ்டீமும் திறக்க வேண்டும், அவர்கள் செயலியும் திறக்க வேண்டும்.

2024 மே மாதம் நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. ஹெல்டைவர்ஸ் 2 என்ற விளையாட்டு அந்த ஆண்டு பிப்ரவரியில் வெளிவந்து சக்கைப்போடு போட்டது. மூன்று மாதம் கழித்து, கணினியில் விளையாடுவோரும் இனி பிளேஸ்டேஷன் கணக்கை இணைத்தாக வேண்டும் என்று அதை வெளியிட்ட, பிளேஸ்டேஷனை நடத்தும் சோனி அறிவித்தது. நமக்குச் சிங்கப்பூரில் அந்தக் கணக்கைத் திறப்பதில் சிக்கல் இல்லை. ஆனால் அந்தச் சேவையே இல்லாத நாடுகளிலும் விளையாட்டை விற்றிருந்தார்கள். பிலிப்பீன்ஸ் அதில் ஒன்று. எங்கள் பள்ளியில் வலைக்கட்டமைப்பைப் பராமரிக்க வரும் பிலிப்பினோ இளைஞர் ஒருவர் ஊரில் இருக்கும் தம்பியோடு இரவில் சேர்ந்து விளையாடுவார். "அண்ணன் இங்கே விளையாடலாம், தம்பி அங்கே விளையாடக் கூடாதா?" என்று கேட்டார். ஸ்டீமில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான கண்டன விமர்சனங்கள் குவிந்தன. மூன்றே நாளில் சோனி பின்வாங்கியது. 2025 தொடக்கத்தில் வேறு சில விளையாட்டுகளுக்கும் அந்தக் கணக்கைக் கட்டாயமில்லை என்று தளர்த்தியது.

லாஞ்சர் இலவசம்தானே, ஒரு செயலி கூடுதலாக இருந்தால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்பார்கள். ஒவ்வொரு கணக்கும் நம் விவரங்கள் கசியக்கூடிய இன்னோர் இடம். 2011 ஏப்ரலில் பிளேஸ்டேஷன் கட்டமைப்புக்குள் ஊடுருவியவர்கள் ஏறத்தாழ 77 மில்லியன் கணக்குகளின் விவரங்களைத் தொட்டார்கள். சேவை வாரக்கணக்கில் முடங்கியது. மோசடிக்காரர்களிடம் விவரம் கொடுக்காதீர்கள் என்று காவல்துறை நமக்கு நாள்தோறும் சொல்கிறது. இங்கே பதினொரு வயதுப் பையன் ஒரு கார் ஓட்ட, தாய் மகன் இருவர் விவரமும் வெளிநாட்டு நிறுவனத்திடம் போகிறது. அடுத்தது, லாஞ்சருக்கு அப்பால் இருக்கும் சர்வர் என்றைக்கு மூடும் என்று யாருக்கும் தெரியாது. யூபிசாஃப்ட்டின் த க்ரூ 2014ல் வெளிவந்த விளையாட்டு. 2024 மார்ச் 31ஆம் தேதி சர்வரை நிறுத்தினார்கள். தனியாக விளையாடக்கூட வழியில்லை. அதிலிருந்து எழுந்த 'விளையாட்டுகளைக் கொல்லாதீர்' இயக்கத்துக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு மில்லியனுக்கும் அதிகமானோர் கையெழுத்திட்டார்கள். கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல், வாங்குவது உரிமம் மட்டுமே என்று தெளிவாகச் சொல்லாமல் 'வாங்குங்கள்' என்று இணையக் கடைகள் எழுதக் கூடாது என்று சட்டமே இருக்கிறது.

இதெல்லாம் எங்கோ அமெரிக்காவில், ஐரோப்பாவில் நடப்பது, நம்மால் என்ன செய்ய முடியும் என்பவர்களுக்குத் தொலைக்காட்சிக்குக் கீழே இரண்டு ஒளிபரப்புப் பெட்டி வைத்திருந்த காலத்தை நினைவூட்டுகிறேன். 2010 முதல் இங்கிலீஷ் பிரிமியர் லீக் காற்பந்தாட்டத்தின் ஒளிபரப்பு உரிமை கட்டணத் தொலைக்காட்சி நிறுவனமான ஸ்டார்ஹப்பிடமிருந்து அதன் போட்டி நிறுவனமான சிங்டெல்லுக்குப் போனது. எங்கள் வீட்டில் அம்மா பார்க்கும் தமிழ்த் தொடர் ஒரு பெட்டியில், என் பந்தாட்டம் இன்னொரு பெட்டியில். இரண்டு சந்தா, இரண்டு தொலைக்கட்டுப்பாட்டுக் கருவி. எது எதற்கென்று அம்மாவுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. அப்போது அரசாங்கம் சந்தையே பார்த்துக்கொள்ளும் என்று கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. 2010 மார்ச்சில் ஊடக மேம்பாட்டு ஆணையம் ஒரு விதியை அறிவித்தது: ஒரு நிறுவனம் தனியுரிமையாகப் பெறும் நிகழ்ச்சியை மற்ற நிறுவனத்தின் பெட்டி வழியாகவும் பார்க்க விட வேண்டும். 2013ல் அந்த விதி பிரிமியர் லீக்குக்குப் பொருந்தும் என்று ஆணையம் சொன்னது. சிங்டெல் மேல்முறையீடு செய்தது, அது தள்ளுபடியானது. அந்த ஆகஸ்ட்டிலிருந்து ஸ்டார்ஹப் பெட்டியிலேயே பந்தாட்டம் பார்த்தோம்.

பந்தாட்டத்துக்குச் சொன்னது விளையாட்டுக்கு அப்படியே பொருந்தாது. அந்த இரண்டு நிறுவனங்களும் இங்கே உரிமம் பெற்றவை. எபிக்கும் வால்வும் அப்படியல்ல. வெளிநாட்டு நிறுவனத்தைப் பார்த்து உன் விளையாட்டை எல்லாக் கடையிலும் விற்பனை செய் என்று சிங்கப்பூர் உத்தரவிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் நடக்காது. ஆனால் தனியுரிமை ஒப்பந்தம் பயனீட்டாளரை எப்படிக் கட்டிப்போடும் என்பது நம் அமைப்புகளுக்குப் புரியாத விஷயம் அல்ல. 2018ல் வாடகைக் கார் செயலி நடத்தும் கிராப் நிறுவனம் ஓட்டுநர்களைத் தன்னோடு மட்டும் கட்டிப்போடக் கூடாது என்று உத்தரவிட்டதும் நம் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையம்தானே.

நான் கேட்பது மிகச் சிறியது. விலை எந்த எழுத்தளவில் இருக்கிறதோ அதே அளவில், அதே இடத்தில், இந்த விளையாட்டுக்கு எந்த லாஞ்சர் வேண்டும், யாரிடம் கணக்குத் திறக்க வேண்டும், இணையம் இல்லாமல் ஓடுமா, பிள்ளை பதின்மூன்று வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் என்ன செய்ய வேண்டும் என்று எழுதட்டும். விற்ற பிறகு புதிதாக ஒரு கணக்கைக் கட்டாயமாக்கினால், மறுப்பவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கட்டும். லாஞ்சர் ஓடிய நேரத்தை விளையாடிய நேரத்தில் சேர்க்காமல் இருக்கட்டும். சர்க்கரை மிகுந்த குளிர்பான டின்னில் 'டி' என்று தர எழுத்துப் போட வைத்த ஊர் இது. 2008 முதல் விளையாட்டுகளுக்கு வயது வகைப்பாடும் இருக்கிறது. 18 வயது ஒட்டுவில்லை போட்ட பெட்டிகளை அடையாள அட்டை பார்த்துத்தான் நாங்கள் விற்றோம். அந்த ஒட்டுவில்லையில் இன்னும் இரண்டு வரிக்கு இடம் இல்லையா?

பயனீட்டாளர் சங்கத்துக்கு என் புகாரை அனுப்பியிருக்கிறேன். அக்கறையாகத்தான் பேசினார்கள். கடை வெளிநாட்டில் இருப்பதால் அதைத் தொடர்புகொள்வது கடினம் என்றார்கள். ஆனால் 2020 ஜனவரி முதல் வெளிநாட்டு நிறுவனங்கள் இங்கே விற்கும் மின்னிலக்கச் சேவைகளுக்கும் பொருள் சேவை வரி உண்டு. என் ரசீதிலும் 9 விழுக்காடு தனியாக எழுதியிருக்கிறது. அப்படி வரி வசூலிக்கும் நிறுவனங்கள் நம் உள்நாட்டு வருவாய் ஆணையத்திடம் பதிந்துகொண்டவை. வரிக்கு எட்டும் கடை புகாருக்கு மட்டும் எட்டாமல் போவது ஏன்?

இப்படிக்கு,
முன்னாள் விளையாட்டுக் கடை ஊழியர்,
ஈசூன்